மாமியார் சரி சொன்ன நாள்

ஜூன் 10, திங்கள்

கல்லூரி திறந்தது. துறைத்தலைவர் சௌந்தர்ராஜன் காலையிலேயே கூப்பிட்டனுப்பினார். மேசையில் பிஸ்கட் தட்டு. அவர் பிஸ்கட் கொடுத்தால் பதிலுக்கு எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று பொருள்.

"வாசுகி மேடம், உங்க லேப்ல இப்ப எத்தனை பேர்?"

"நானும் நஸ்ரினும்."

"பாருங்க. ரூம் பெருசு, ஆள் ரெண்டு. ஏ.ஐ. வகுப்புக்கு இடம் இல்லாம வராந்தாவுல உக்கார வச்சிருக்கோம்." பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார். "ஆகஸ்ட் கடைசியில பாடத்திட்டக் குழு கூடுது. அதுக்குள்ள வெளியில ஒரே ஒரு கம்பெனி உங்க வேலையை உபயோகிச்சுதுன்னு காட்டுங்க. இல்லேன்னா லேபும் போயிடும், உங்க விருப்பப் பாடமும் போயிடும். என் கையில ஒண்ணும் இல்ல."

என் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒரு நிரலை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்வது சோதனை. ஆயிரத்தோராவது முறையும் அது தப்பு செய்யாது என்று கணக்குப் போட்டுக் காட்டுவது நிறுவல். நான் இரண்டாவதைச் செய்கிறேன். முனைவர் பட்டம் வாங்கிய வருடம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்தில் பெரியப்பா கேட்டார், "கம்ப்யூட்டர்ல நீ என்னதாம்மா பண்றே?" மற்றவர்கள் எழுதியது சரியா என்று பார்க்கிறேன் என்றேன். "அப்ப வாத்தியார் வேலைதான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஜெர்மனியில் மூன்று வருடம், இங்கே பத்தொன்பது வருடம். பெரியப்பா சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

துறைத்தலைவரிடம் ஒரு லிஃப்ட் கம்பெனி கேட்டிருக்கிறது என்றேன். கோயம்புத்தூர்க் கம்பெனி. இதுவரை வெளிநாட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கிப் பொருத்திக்கொண்டிருந்தவர்கள், முதல்முறையாகச் சொந்தமாக நிரல் எழுதியிருக்கிறார்கள். அவிநாசி சாலையில் வரப்போகும் புதிய இதய மருத்துவமனைக்கு. திறப்பு விழா ஜூலை பன்னிரண்டு.

"பாத்தீங்களா, கேட்டா கிடைக்குது" என்றார், தானே பிடித்துக்கொடுத்த மாதிரி.

மாலை வீட்டில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டதாகச் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு. வழக்கம்போல் மூன்று மாடியும் படியில் ஏறினேன். உடற்பயிற்சி என்று எதிர்வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. அந்த நிரல்களை எப்படி எழுதுகிறார்கள் என்று தெரிந்தவள் உள்ளே ஏறமாட்டாள்.

ஜூன் 12, புதன்

லிஃப்ட் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் வந்தார். பெயர் அமிர்தலிங்கம், பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லேப் இரண்டாம் மாடி. முட்டிவலி போலிருக்கிறது, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். கதவருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"லிஃப்ட் போடறவனையே படியேற வச்சுட்டீங்களே மேடம்."

நஸ்ரின் சிரித்தாள். இவள் என் ஒரே ஆராய்ச்சி மாணவி, உடுமலைப்பேட்டை. நான் சிரிக்காத இடங்களிலெல்லாம் எனக்கும் சேர்த்துச் சிரித்துவிடுவாள்.

கொண்டுவந்த காகிதங்களை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். சொன்னேன். "அனுப்பலாந்தானுங்க" என்றார். அவ்வளவுதான்.

"நாங்க ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பாத்துட்டோங்க. ஒரு தப்பு வரல."

"அடுத்த தடவை?"

காகிதங்களை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அதைக் கேக்கத்தானுங்க வந்தது" என்றார். பொறியாளர்கள் பொதுவாக இந்த இடத்தில் கோபப்படுவார்கள்.

நஸ்ரின் அவருக்கு மாமியாரை அறிமுகம் செய்தாள். மாமியார் என்பது எங்கள் நிறுவல் கருவி, அதாவது நிரலையும் விதிகளையும் கொடுத்தால் விதி எங்காவது மீறப்படுமா என்று தேடும் மென்பொருள். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் முதலில் குற்றம் கண்டுபிடிக்கும். ஒரு நிரலை அது ஏற்றுக்கொள்ள மாதக்கணக்கில் பிடிக்கும். பெயர் நஸ்ரின் வைத்தது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் வரவில்லை. வாளி வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று எடுகோள்களை உள்ளிட்டேன். நிரலை மட்டும் கொடுத்தால் மாமியாருக்குப் போதாது. அது ஓடப்போகும் உலகம் எப்படிப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். கட்டடத்தில் எத்தனை மாடி, கதவு மூட எவ்வளவு நேரம், எடை எவ்வளவு தாங்கும். நாம் சொல்வதை அப்படியே நம்பி அதன்மேல்தான் அது கணக்குப் போடும். அதனால் இந்த ஒரு வேலையை மட்டும் நான் நஸ்ரினிடம் கொடுப்பதில்லை.

காலையில் பழைய வெளிநாட்டுப் பெட்டியின் கையேட்டிலிருந்து எடுத்தவை. பிற்பகலில் அமிர்தலிங்கத்தின் ஆட்கள் இங்குள்ள நிலைமைக்கு எழுதிக்கொடுத்தவை.

மதியம் கல்லூரிக்கு எதிரே உள்ள மெஸ்ஸில் சாப்பாடு. அமிர்தலிங்கமும் வந்திருந்தார். மனைவி தவறி ஆறு வருடம், மகன் ஓசூரில். இந்த ஆறு வருடத்தில் தானாகச் சமைக்கக் கற்றுக்கொண்டாராம். முதல் தடவை புளிக்குழம்பு வைத்தபோது எலுமிச்சை அளவு புளி என்று எழுதியிருந்ததை, புளிக்குப் பதில் எலுமிச்சை என்று எடுத்துக்கொண்டு ஆறு எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறார். "சாப்பிட்டுட்டுப் பையன் ஒண்ணுமே சொல்லலீங்க. அடுத்த நாள் ஓசூர்ல வேலை தேட ஆரம்பிச்சுட்டான்." மோர் வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம். கண்டியூரிலிருந்து அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கணக்கு டியூஷனுக்குக் கூட்டிப்போனதை எதற்கோ சொன்னேன். யாரிடமும் சொல்கிற விஷயம் அல்ல.

வழக்கத்தைவிடச் சற்று நேரமாகிவிட்டது. பிற்பகல் வேலையை விரைவாக முடித்தேன்.

ஜூன் 21, வெள்ளி

அமிர்தலிங்கம் வந்தார். பென்டிரைவை மறந்து வைத்துவிட்டாராம். மேசையில் பென்டிரைவ் எதுவும் இல்லை. காபி குடித்துவிட்டுப் போனார்.

வாஷர் மாற்றியாயிற்று.

ஜூன் 25, செவ்வாய்

மாமியார் சரி சொல்லிவிட்டது. எல்லா விதிகளுக்கும், முதல் ஓட்டத்திலேயே. கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் நகராது: நிறுவப்பட்டது. கூப்பிட்ட மாடிக்கு என்றாவது வந்தே தீரும்: நிறுவப்பட்டது. திரை முழுக்கப் பச்சை.

நஸ்ரின் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மேம், மாமியார் இவ்வளவு சீக்கிரம் யாரையும் ஏத்துக்கிட்டதில்ல."

"நல்ல மருமகளா இருந்தா ஏத்துக்குவாங்க."

அவள் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அப்படி ஒன்றும் பெரிய நகைச்சுவை இல்லை.

எதிர்ச்சோதனை ஒன்று செய்ய வேண்டும். மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்வது: எல்லாம் சரி என்று வந்தால், வேண்டுமென்றே ஒரு பொய்யைக் கொடுத்துப் பார், அதையும் ஏற்றுக்கொண்டால் எங்கோ கோளாறு. செய்யத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் படியில் பக்கவாட்டுக் காலடிச் சத்தம். நஸ்ரின் போனில் சொல்லிவிட்டிருக்கிறாள், அமிர்தலிங்கம் மைசூர்பா பெட்டியோடு வந்துவிட்டார். முதலாளிக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

மைசூர்பா வாயில் கரைகிற வகை. நாலு துண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

பேப்பரில் லிஃப்ட் கம்பெனியின் விளம்பரம். 'கணித முறைப்படி நிரூபிக்கப்பட்ட தமிழ்நாட்டுத் தயாரிப்பு.' துறைத்தலைவர் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். போகிற வருகிறவர்களெல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். நான் இன்னும் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை.  எதிர்ச்சோதனையை மூன்று நாளாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

பிற்பகல் உட்கார்ந்தேன். ஒரு பொய் கொடுத்தேன்: 'கதவு திறந்திருக்கிறது, அதே நேரத்தில் மூடியிருக்கிறது.'

நிறுவப்பட்டது.

நஸ்ரின் ஒன்று தட்டினாள்: 'இந்தக் கட்டடத்தில் மாடியே இல்லை.'

நிறுவப்பட்டது.

"மேம், மாமியாருக்கு என்ன ஆச்சு?"

மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கொடுத்த எடுகோள்களில் ஏதோ இரண்டு ஒன்றையொன்று மறுக்கின்றன. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்கும் உலகம் எங்கும் இல்லை. இல்லாத உலகத்தைப் பற்றி என்ன சொன்னாலும் யார் மறுக்க முடியும்? அங்கே எந்த லிஃப்டும் விழாது, ஏனென்றால் அங்கே லிஃப்டே இல்லை. செவ்வாய்க்கிழமை திரை முழுக்க இருந்த பச்சைக்கு அர்த்தம் எதுவுமே இல்லை.

இன்னும் இரண்டு வாரத்தில் திறப்பு விழா.

ஜூலை 1, திங்கள்

கண்டுபிடித்தாயிற்று. கையேட்டிலிருந்து எடுத்தது: 'மின்சாரம் எந்நேரமும் இருக்கும்.' அந்த நாட்டில் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. அமிர்தலிங்கத்தின் ஆட்கள் எழுதிக்கொடுத்தது: 'ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது மின்சாரம் போகும், சில விநாடிகளில் ஜெனரேட்டர் எடுக்கும்.' இரண்டும் உள்ளே இருக்கின்றன.

"யார் மேம் இதைப் போட்டது?" என்றாள் நஸ்ரின்.

"நான்தான்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும். ஒண்ணு காலையில, ஒண்ணு மத்தியானம்."

"ஒரே நாள்ல எப்படி மேம்? நடுவுல என்ன ஆச்சு?"

"நடுவுல ஒண்ணும் ஆகல. சாப்பிடப் போனேன்."

அவள் கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்திருக்கும் மேம்."

 இந்தப் பெண்ணுக்கு முனைவர் பட்டம் சீக்கிரம் கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். பிஸ்கட் வரவில்லை. "ஒரு வரிதானே? அதை எடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க, சரின்னு வந்துடும்."

கையேட்டு வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். மாமியார் மாமியாராகத் திரும்பி வந்துவிட்டது. சிவப்பு.

ஜூலை 2, செவ்வாய்

சிவப்பு ஏன் என்று நாள் முழுக்கப் பிரித்துப் பார்த்தோம். மாமியார் காட்டிய கதை இது.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கதவு மூடாமலிருக்க ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார். ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே, பாதி வெளியே. அந்த நேரம் மின்சாரம் போகிறது. ஜெனரேட்டர் எடுக்கிறது. நிரல் புதிதாக விழித்துக்கொள்கிறது. விழித்ததும், கதவைப் பார்க்காமலே, மூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. தரைமட்டத்தைச் சரிசெய்வதற்காக ஒரு சாண் தூரம் நகர இந்த வகை லிஃப்டுக்குத் தனி அனுமதி உண்டு. அந்த ஒரு சாணுக்குக் கதவுப் பூட்டுகூடத் தடுக்காது. எனவே நகர்கிறது.

படுத்திருப்பவர் இதய நோயாளி. ஒரு சாண் போதும்.

ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்ததில் இது எப்படித் தப்பியது என்று நஸ்ரின் கேட்டாள். தொழிற்சாலையில் மின்சாரம் போவதே இல்லையாம். பெரிய பேட்டரி வைத்திருக்கிறார்கள்.

மாலை துறைத்தலைவர் போன் செய்தார். "விழா முடியட்டும் மேடம். அறிக்கையைக் கொடுத்துடுங்க. அப்புறம் சத்தமில்லாம திருத்திக்கலாம். இப்ப நீங்களே தப்புன்னு சொன்னா குழுவில என்னன்னு பேசறது? இத்தனை வருஷத்துல கிடைச்ச ஒரே கம்பெனி."

அவர் சொல்வதில் தப்பில்லை. இதை விட்டால் வேறு கம்பெனி இல்லை. ஆகஸ்ட் கடைசியில் என் லேபில் ஏ.ஐ. வகுப்பு நடக்கும்.

முடியாது என்றேன்.

ஜூலை 3, புதன்

நானே தொழிற்சாலைக்குப் போனேன். பேருந்தில் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டேன். சொல்லும்போது ஒன்றும் வரிசையில் வரவில்லை. அமிர்தலிங்கம்தான் முதலாளியிடம் எனக்காகப் பேசி, என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர். விளம்பரம் வந்த பிறகு இது அவருடைய தலையிலும் விடியும்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு வலது கையை விரித்துக் காட்டினார். "ஒரு சாண்னா, இவ்வளவுங்களா?"

"ஆமாம்."

விரித்த கையையே பார்த்தார். "எங்க வீட்டுக்காரங்களையும் இப்படித்தானுங்க ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தள்ளிட்டுப் போனது." கையை மடக்கிக்கொண்டார். "முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேனுங்க மேடம். நீங்க சங்கடப்பட வேண்டாம்."

"தப்பு என்னோடது. நான்தான் சொல்லணும். அந்த ரெண்டு வரியையும் போட்டது நான். அன்னைக்கு நான் கவனமா இல்ல."

"ஏனுங்க?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்... வேகமா முடிச்சுட்டேன்."

மேசைமேல் இருந்த ஒரு திருகாணியை உருட்டினார். "எனக்கும் அன்னைக்கு மத்தியானம் வேலை ஓடலீங்க."

அவருக்கு ஏன் ஓடவில்லை என்று கேட்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

முதலாளி குழந்தைவேலு. வெள்ளை வேட்டி சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. நான் சொல்லி முடித்ததும் விளம்பரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்னங்க மேடம், போன வாரம் சரின்னீங்க, இந்த வாரம் இல்லீங்கறீங்க. பேப்பர்ல போட்டாச்சு. மந்திரி வர்றார். இனி என்ன பண்றது, சொல்லுங்க."

"போன வாரம் சொன்னது தப்பு. இந்த வாரம் சொல்றது சரி."

"அடுத்த வாரம் வந்து இதுவும் தப்புன்னா?"

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். நிறுவல், எடுகோள் என்று ஆரம்பித்தேன். அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"அண்ணா," என்றார் அமிர்தலிங்கம், "பேசிட்டு இருக்க வேண்டாம். வாங்க, காட்டிடறோம்."

சோதனைக் கோபுரத்துக்குப் போனோம். ஸ்ட்ரெச்சரில் ஆளுக்குப் பதில் சிமெண்ட் மூட்டையைப் படுக்கவைத்து, பாதி உள்ளே தள்ளி நிறுத்தினார்கள். கதவுப் பொத்தானை ஒருவர் பிடித்துக்கொண்டார். அமிர்தலிங்கம் பேட்டரியைக் கழற்றிவிட்டு மெயினை அணைத்தார். ஜெனரேட்டர் உறுமியது.

இருபது வருடமாகச் சோதனையை நம்பாதே என்று வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தச் சில விநாடிகள் ஒரு சோதனைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு வந்தது. லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு சாண் இறங்கியது. ஸ்ட்ரெச்சர் முன்பக்கமாகச் சாய்ந்தது. சிமெண்ட் மூட்டை வழுக்கி உள்ளே விழுந்து வெடித்தது. எல்லோர் மேலும் சாம்பல் புழுதி.

குழந்தைவேலு வேட்டியைத் தட்டவில்லை. மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கம்மாவுக்கு அங்கதானுங்க ஆபரேஷன் பண்ணலாம்னு இருந்தோம்" என்றார்.

அறைக்குத் திரும்பி மருத்துவமனைக்குப் போன் செய்தார். பன்னிரண்டாம் தேதி முடியாது. அடுத்த வாரம் என்றால் பதினேழாம் தேதி ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் அவர்கள் திறக்கமாட்டார்கள். ஆவணியில்தான் முகூர்த்தம். ஆகஸ்ட் இருபத்துமூன்று.

"முடிச்சுடுவீங்களா மேடம்?"

"முடிக்கிறேன்."

என் ஆராய்ச்சிக்கு ஆடி மாதம் கொடுத்த அவகாசத்தை இதுவரை எந்த நிதிக்குழுவும் கொடுத்ததில்லை. இந்த வாக்கியத்தை நான் எழுதியதாக வெளியில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. காற்று பலமாக இருக்கிறது, கொடியில் போட்ட துண்டு போய்விட்டது. எடுகோள்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாக எழுதுகிறோம். இந்தத் தடவை நஸ்ரின் உரக்கப் படிக்க, நான் உள்ளிடுகிறேன். சாப்பாடு டப்பாவில், லேபிலேயே.

அமிர்தலிங்கமும் டப்பா கொண்டுவந்தார். அவர் வைத்த புளிக்குழம்பு. நன்றாகவே இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

மாமியார் மறுபடி சிவப்பு. திருத்தியதில் ஒரு புதுத் தப்பு: விழித்ததும் கதவைப் பார்க்கிறது, ஆனால் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறது. நகரவே நகராத லிஃப்ட். "பாதுகாப்புன்னா இதுதானுங்க பாதுகாப்பு" என்றார் அமிர்தலிங்கம். நஸ்ரினோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன்.

முட்டிக்கு எண்ணெய் போடுகிறாராம். வாரத்துக்கு மூன்று நாள் இரண்டு மாடி ஏறினால் எண்ணெய் என்ன செய்யும்? மின்னஞ்சல் என்று ஒன்று இருப்பதை மறுபடி நினைவுபடுத்தினேன். "இருக்குதுங்க" என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று பச்சை.

யாருக்கும் சொல்லாமல் முதலில் எதிர்ச்சோதனை. கதவு திறந்தும் மூடியும் இருக்கிறது: மறுப்பு. மாடியே இல்லாத கட்டடம்: மறுப்பு. மின்சாரம் எந்நேரமும் இருக்கும்: மறுப்பு. நஸ்ரின் கை வலிக்கும்வரை பொய்களாகத் தட்டினாள். எல்லாவற்றையும் மாமியார் முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பியது. பொய்யை மறுக்கிற மாமியாரைப் பார்க்க எவ்வளவு நிம்மதி!

திருத்தம் கடைசியில் மிகச் சிறியது. விழித்ததும் நினைவில் இருப்பதை நம்பாதே. முதலில் கதவைப் பார். திறந்திருந்தால் மூடும்வரை காத்திரு, மூடியதும் கிளம்பு. நாலே வரி.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அமிர்தலிங்கம் போனில் இன்று ஒரு தடவை 'மேடம்' போட மறந்துவிட்டார். கவனப்பிசகு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

திறப்பு விழா. நாதஸ்வரம், சந்தனம், கற்கண்டு. மந்திரி நாடாவை வெட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். பிறகு குழந்தைவேலு எல்லோரையும் லிஃப்ட் முன்னால் கூட்டினார்.

"மேடம்தான் முதல்ல ஏறணும். அவங்கதானே கணக்குப் போட்டாங்க."

துறைத்தலைவர் கைதட்டினார். நஸ்ரின் என் காதில், "மேம், நீங்க லிஃப்ட்லயே ஏறமாட்டீங்களே" என்றாள். இதை இவளிடம் எப்போது சொன்னேன் என்று தெரியவில்லை.

ஏறினேன். அமிர்தலிங்கமும் ஏறினார். ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே. ஏற்பாடு செய்தபடி மெயினை அணைத்தார்கள். ஜன்னல் இல்லாத வராந்தா, உள்ளேயும் வெளியேயும் முழு இருட்டு.

"பயமா இருக்குதுங்களா?" என்றார்.

"நிறுவியாச்சு. பயம் எதுக்கு?"

"எனக்குக் கொஞ்சம் இருக்குதுங்க."

ஜெனரேட்டர் எடுத்தது. லிஃப்ட் ஒரு நூல்கூட நகரவில்லை. கதவைப் பார்த்தது, காத்திருந்தது. ஸ்ட்ரெச்சரை உள்ளே இழுத்ததும் கதவு மூடி, மேலே போனோம். இறங்கிய பிறகுதான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். இருட்டில் கைப்பிடி என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

பாடத்திட்டக் குழு. துறைத்தலைவர் எழுந்து, நிறுவல் முறைகளை ஆரம்பத்திலிருந்தே தாம் ஊக்குவித்து வந்ததாகவும், தப்பை வெளிப்படையாகச் சொல்வதே நம் துறையின் பண்பாடு என்றும் பேசினார். ஒரு உயிரும் போகாமல் தடுத்த வேலை என்று குழந்தைவேலு எழுதிய கடிதத்தை வாசித்தார். லேப் இருக்கிறது. விருப்பப் பாடம் இருக்கிறது. அடுத்த பருவத்தில் சேர்வதற்கு இருபது பேருக்கு மேல் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். பாதிப் பேர் மாமியாரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்கிறாள் நஸ்ரின்.

கூட்டம் முடிந்ததும் பிஸ்கட் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தேன்.

அமிர்தலிங்கத்திடம் போனில் செய்தி சொன்னேன். சந்தோஷப்பட்டார்.  வேலை முடிந்துவிட்டது, இனி அவர் லேபுக்கு வரக் காரணம் ஏதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன். டப்பாவில் கொடுத்த குழம்புக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டுமே.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் வீடு பெருக்கித் துடைத்தேன். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், தக்காளி ரசம், பாயசம். அப்பளம் கடைசியில் பொரிக்கலாம் என்று வைத்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மா வாசனை பிடித்துக்கொண்டு வந்து, "விருந்தாளியா?" என்றார். "கம்பெனிக்காரர்" என்றேன். புடவையைப் பார்த்தார். 

கீழே வந்துவிட்டதாக அமிர்தலிங்கம் போன் செய்தார். வெகுநேரம் ஆளைக் காணவில்லை. கீழே போய்ப் பார்த்தேன். முதல் மாடிக்குப் போகும் படியில், பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பழப்பை.

"லிஃப்ட் வேலை செய்யுதே, ஏன் படியில வர்றீங்க?"

"நீங்க இந்த லிஃப்ட்ல ஏறமாட்டீங்கன்னு நஸ்ரின் சொன்னாங்க. நீங்க படியில ஏறுற வீட்டுக்கு நான் மட்டும் லிஃப்ட்ல வந்தா நல்லா இருக்காதுங்களே."

பையை வாங்கிக்கொண்டு, அவரைக் கீழே கூட்டிவந்து லிஃப்ட் கதவைத் திறந்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, பெயர்ப் பலகையைப் படித்தார்.

"இது எங்களது இல்லீங்க."

"தெரியும்."

"இதோட நிரலை யாராச்சும் நிறுவியிருக்காங்களா?"

"யாரும் நிறுவல."

"அப்புறம்?"

"வாங்க," என்றேன். பொத்தானை நான்தான் அமுக்கினேன்.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மின்சாரம் போனது. எங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது மின்சாரம் போகும் என்று அவருடைய ஆட்கள் எழுதிக்கொடுத்த எடுகோள் முற்றிலும் சரி.

மின்சாரம் திரும்பி வர எவ்வளவு நேரமானது என்று பார்க்கவில்லை. ரசத்தை மறுபடி சூடாக்க வேண்டியிருந்தது.